கறுப்பு வண்டியின் படி

"பத்து நிமிஷத்துல வந்துருதேன் மாப்ள, நீ சொல்றதுதான் முடிவு"ன்னு சொல்லிட்டு அத்தான் சேல்ஸ்காரரோட கண்ணாடி ரூமுக்குள்ள போயாச்சு. நான் சொல்றதுதான் முடிவாம். பெயிண்டுக் கடையில எந்த டப்பாவை எந்தத் தட்டுல வைக்கணும்னுகூட ஒருத்தரையும் கேட்காத மனுஷன், தங்கப்பழம் அத்தான், ஆயுசுலயே வாங்கப்போற பெரிய வண்டிக்கு என் வாயைப் பார்க்காரு. பார்க்காம என்ன செய்வாரு, அவரு மக சௌமியாவைத் தூக்கி ஏத்தப்போறது நான்தான. இந்தப் பக்கம் வெள்ளை வண்டி, அந்தப் பக்கம் கறுப்பு வண்டி, நடுவுல வழுக்குற சோபாவுல நான், கையில ஆறிப்போன காப்பி. ரெண்டுமே ஏழு பேர் உட்காருற வண்டி. ரெண்டுலயும் பின்சீட்டை மடக்கிட்டா சௌமியாவோட பேட்டரி நாற்காலி முழுசா உள்ள போயிருது, அதைப் பார்த்தாச்சு. மைலேஜ், பிரேக்கு, ஏசி எல்லாத்தையும் அத்தான் கரைச்சுக் குடிச்சிட்டாரு. மிச்சம் இருக்கது ஒண்ணே ஒண்ணு. வெள்ளை தாழ்வு, கறுப்பு உயரம். வெள்ளையில கதவைத் திறந்தா சீட்டு என் இடுப்புக்குக் கீழ நிக்கு, பிள்ளையைத் தூக்கி அப்படியே பக்கவாட்டுல இறக்கிரலாம். கறுப்புல கதவுக்குக் கீழ ஒரு படி இருக்கு. ஒரு காலை அந்தப் படியில வச்சு, மறுகால் தரையை விடும்போது பிள்ளை என் கையில இருக்கணும், அவ தலை இடிக்காம நான் குனியணும், குனிஞ்சமானைக்கே உள்ள நீட்டணும். ஒத்தைக் கால்ல நிக்கிற அந்த நேரம். அதைத்தான் உட்கார்ந்த இடத்துல இருந்து மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஏறிப் பார்க்கேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல வந்து நின்னு போகுது. வெள்ளையில கொஞ்சம் முன்னாலதான் ஏத்திப் பார்த்தோம். இறக்கும்போது இடுப்புக்கு மேல, வலது பக்கம், சுரீர்னு பிடிச்சது. யாருக்கும் தெரியாது. சீட்டு நல்லா மெத்துன்னு இருக்குன்னு சொல்லிச் சிரிச்சேன். அத்தான் வந்ததும் கறுப்புல ஏத்திப் பார்க்கணும்.

முதுகு போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் கேன் தண்ணி போடுறவன், கோவில்பட்டியில எங்க பக்கத்து மாடி வீட்டுக்கெல்லாம் தோள்ல கேனை வச்சுக்கிட்டு ஏறுனவன். ஒரு நாள் ஒரு டீச்சர் வீட்டு மாடியில கேனை இறக்கிட்டு நிமிர்ந்தா நிமிர முடியலை. சுவரைப் பிடிச்சிட்டு நின்னேன். என்ன பால்வண்ணன், தலை சுத்துதான்னு டீச்சரம்மா கேட்டாங்க. ஆமான்னு வெயில் மேல பழியைப் போட்டேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு இனிமே பாரமே தூக்கக்கூடாதுன்னுட்டாரு. பாரம் எங்க சார் தூக்குதேன், தண்ணிதான தூக்குதேன்னு சொன்னேன். அவரு சிரிக்கலை. சௌமியாவைத் தூக்குறது பாரத்துல சேருமான்னு நான் அவருகிட்ட கேட்கலை, கேட்டா சேரும்னு சொல்லிருவாரு. கேன் தூக்க ஒரு ஆளைப் போட்டுட்டேன். சௌமியாவைத் தூக்க ஆள் போட முடியுமா. இது எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு என் பொண்டாட்டி ஜெயக்கொடி. ராத்திரி ராத்திரி தைலம் தேய்ச்சு விடுதா, தேய்க்கும்போதே பேசுதா. மதினிட்ட நீங்க சொல்லுதீங்களா, இல்லை நான் சொல்லட்டுமாங்கா. மதினின்னா எங்க அக்கா, சௌமியாவோட அம்மா. வாயைத் திறந்தேன்னா பார்த்துக்கோன்னேன். அவளா அடங்குறவ. பிள்ளையைக் கீழ போட்டு உடைச்சிட்டு அப்புறமா சொல்லுவீங்களாக்கும்னு கேட்டுட்டா. அந்த ஒரு வார்த்தை உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கு. இந்த ஷோரூம் தரை பளபளன்னு கிடக்கு, டைல்ஸ்ல முகம் தெரியுது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அதுல அவ விழுந்து கிடக்க மாதிரியே தெரியுது. சீச்சீ, என்ன நினைப்பு இது. ஆனா தைலம் வேலை செய்யாமலும் இல்லை. ஆறேழு மாசமா தூக்குறது கொஞ்சம் லேசாத்தான் இருக்கு. முன்னால ரெண்டு மூச்சு இழுத்துத் தூக்குவேன், இப்ப ஒரே மூச்சுல வந்துருதா. ஜெயக்கொடிட்டகூடச் சொன்னேன், உன் கை ராசிதான் போலட்டின்னு, அவளும் சந்தோஷப்பட்டா. அந்தத் தைரியத்துலதான இன்னைக்கு வந்து உட்கார்ந்திருக்கேன். ஆனா இன்னைக்கு வெள்ளையிலயே பிடிச்சிருச்சே.

கறுப்பு வேண்டாம்னு சொல்லிரலாம். சொல்றதுக்கா காரணம் இல்லை. திருப்பும்போது அசையுது, பின்னால இருக்கவங்களுக்குத் தூக்கிப் போடும், நம்ம தெரு முக்குல திரும்பாதுன்னு என்னத்தையாவது அடிச்சு விட்டா அத்தான் நம்பிருவாரு. நான் சொன்னா நம்புவாரு, அதுதான் கஷ்டமா இருக்கு. சௌமியாவுக்குக் கறுப்புதான் வேணும். வேணும்னு அவ வாயால சொல்லலை, பிள்ளை எதையுமே வேணும்னு கேட்டுப் பழகலை. பிறந்ததுல இருந்தே கால் ரெண்டும் அவ பேச்சைக் கேட்கலை, அதனாலயோ என்னவோ அவளும் யாருகிட்டயும் எதுவும் கேட்க மாட்டா. ஆனா போன வாரம் போன்ல ரெண்டு வண்டியையும் காட்டிக்கிட்டு இருந்தப்ப சொன்னா, எனக்கு எல்லாரும் இடுப்புதான் மாமான்னா. என்னட்டி சொல்லுதேன்னேன். நாற்காலியில இருந்து பார்த்தா பெல்ட்டும் சேலைக் கொசுவமும்தான் தெரியும், அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும், பழைய கார்ல போனா பக்கத்துல வர்ற பஸ்ஸோட சக்கரம்தான் தெரியும், இந்தக் கறுப்பு வண்டியில உட்கார்ந்தா பஸ்ஸுக்குள்ள ஜன்னலோரம் இருக்க ஆளு முகத்தை நேருக்கு நேராப் பார்க்கலாம்ல மாமான்னா. சொல்லிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிட்டா. காலேஜ் முடிச்சு இப்ப திருநெல்வேலியில மேல படிக்க இடம் கிடைச்சிருக்கு, தினமும் போகணும், தினமும் வரணும், போற வழியெல்லாம் பஸ்ஸுதான் ஓடுது. தினமும் நாலு தடவை ஏத்தி இறக்கணும். வெள்ளைன்னு சொன்னா அவ சரின்னுதான் சொல்லுவா. சரி மாமா, அதுவும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிச் சிரிப்பா. அந்தச் சிரிப்பை நினைச்சா வாய் வெள்ளைன்னு சொல்ல வர மாட்டேங்கு. கறுப்புன்னு சொன்னா அந்தப் படி வந்து நிக்கு. காப்பியைக் குடிச்சேன், பச்சைத் தண்ணியா ஆகிருச்சு.

அங்க வாசல் பக்கம் ஒரு குடும்பம் சிவப்பு வண்டி ஒண்ணை எடுக்காங்க. மாலை போட்டு, சந்தனம் வச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. அதைப் பார்க்கதுக்குத்தான் அக்காவும் சௌமியாவும் அங்க போய் நிக்காங்க. அக்கா செண்பகத்துக்கு யார் வீட்டு விசேஷம்னாலும் போய் நிக்கணும். பிள்ளையோட நாற்காலிக் கைப்பிடியில கை வச்சிருக்கா, அதுக்கு அவசியமே இல்லை, பேட்டரியில அதுவே போகும், ஆனா அந்தக் கையை எடுக்க அவளால ஆகலை. பழக்கம். பழக்கம் விடாது. காலையில வர்ற வழியில கயத்தாறுகிட்ட டிபன் சாப்பிடும்போதுகூட அந்தக் கை பிள்ளை தோள்லதான். ஒத்தை இட்லியோட எந்திரிச்சா எப்படிட்டின்னு ஏசிக்கிட்டே இருந்தா. இவ ராத்திரியும் இப்படித்தாம்ல செய்யுதா, தட்டுல தயிர்ச்சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு ஒதுக்கி வச்சிருதா, என்னன்னு நீ கேளுன்னு என்கிட்ட புகார். காலேஜ் படிக்க பிள்ளைங்க அப்படித்தாங்கா, உடம்பு ஏறிரும்னு பயப்படுவாங்கன்னு நான்தான் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கினேன். சௌமியா சாம்பார் வாளியையே பார்த்துக்கிட்டு இருந்தா. வாசல்ல எலுமிச்சம்பழம் நசுங்குது, வண்டி நகருது, எல்லாரும் கை தட்டுதாங்க. அந்த வீட்டு அப்பா தன் சின்ன மகளைத் தூக்கி ஸ்டியரிங்குக்கு முன்னால உட்கார வச்சு போட்டோ எடுக்காரு. கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து அத்தான் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாரு. பார்த்துட்டு மறுபடியும் காகிதத்தைப் புரட்டினாரு.

அத்தானும் தூக்கிக்கிட்டு இருந்த ஆளுதான். என்னைவிட நல்லாத் தூக்குவாரு, பெயிண்டு டிரம்மை ஒத்தையில உருட்டுற கை. காது குத்தும்போது என் மடியிலதான் பிள்ளையை வச்சாங்க, தாய்மாமன் மடி, அன்னைக்கு அவ போட்ட அலறல்ல என் வேட்டியே நனைஞ்சு போச்சு, அது என் உரிமை. ஆனா மத்த நாளெல்லாம் குளிப்பாட்ட, ஸ்கூல்ல விட, கோயில் படி ஏற அவ அப்பா தோள்தான். அவ பெரிய மனுஷியானா. சடங்கு வீட்டுல பந்தல்ல கூட்டம், மனையில உட்கார வைக்க அத்தான் வழக்கம்போல பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாரு. அத்தானோட பெரியம்மை ஒருத்தி, நல்ல சத்தக்காரி, அப்படியே மறிச்சிட்டா. வயசுக்கு வந்த பொண்ணை அப்பன் தொட்டுத் தூக்குறதாவது, மாமன்காரன் நிக்கான்லா, அவன் தூக்கட்டும், அவனுக்குத்தான் உரிமைன்னா. பந்தல்ல இருந்த பொம்பளையெல்லாம் ஆமா ஆமான்னாங்க. அத்தான் நீட்டின கையை அப்படியே கீழ போட்டாரு. அந்தக் கை ரெண்டும் எங்க போறதுன்னு தெரியாம வேட்டி நுனியைப் பிடிச்சிக்கிட்டு நின்னதை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன செஞ்சேன், நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போய்த் தூக்கினேன். அந்த வயசுல எனக்கு அது ஒரு பட்டம் கட்டின மாதிரி. அன்னையில இருந்து நான்தான். ஜெயக்கொடியோட தூத்துக்குடிக்கு மாமியா வீட்டுக்குப் போனாலும் மறுநாள் விடியுமுன்ன பஸ் ஏறிருவேன், எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசல்ல நிக்கணும். நான் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அத்தானுக்கு டயர்ல ஏதாவது வேலை வந்துரும். குனிஞ்சு டயரைத் தட்டிப் பார்ப்பாரு, காத்து இருக்கா, கல்லு சொருகியிருக்கான்னு. பிள்ளை உள்ள உட்கார்ந்ததும் எந்திரிச்சிருவாரு. இத்தனை வருஷத்துல அந்த வீட்டு வண்டியில டயர் மட்டும் ஒரு நாளும் பஞ்சர் ஆனதில்லை. அந்தப் பெரியம்மை போய்ச் சேர்ந்தாச்சு, அவ சொன்ன வார்த்தை மட்டும் வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு.

இந்த வாயை என்ன செய்ய. வந்த உடனே அந்தச் சேல்ஸ்காரர் தன்மையாத்தான் சொன்னாரு. சார், சீட்டே கதவுக்கு வெளிய திரும்பி, அப்படியே கீழ நாற்காலி உயரத்துக்கு இறங்கி வர்ற மாதிரி ஒண்ணு இருக்கு, கோயம்புத்தூர்ல மாட்டித் தர்றாங்க, பாப்பா அதுல நகர்ந்து உட்கார்ந்தா பட்டனை அமுக்கினதும் தானா மேல போயிரும், கறுப்பு வண்டிக்கும் போடலாம்னு. அக்கா முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது. அத்தான் என்னைப் பார்த்தாரு. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. நான் என்ன செய்திருக்கணும், வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். அதெல்லாம் எதுக்கு, மிஷின் தூக்குறதுக்கா மாமன்காரன் நான் இருக்கேன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு மீசையை வேற தடவினேன். அக்கா முகத்துல இருந்த வெளிச்சம் போயிருச்சு, சிரிச்சா. சேல்ஸ்காரர் அதோட அந்தப் பேச்சை விட்டுட்டாரு. ஏன் அப்படிச் சொன்னேன். வலிக்கிற முதுகுதான இது. இந்த முதுகை வச்சுக்கிட்டு எதுக்கு வீம்பு. எனக்குத் தெரியும் எதுக்குன்னு. பட்டனை அமுக்கினா பிள்ளை மேல போயிரும்னா, எட்டு மணிக்கு நான் எங்க போவேன். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது உள்ள இருந்து "மாமா வந்தாச்சு"ன்னு ஒரு சத்தம் வரும், அதுக்குத்தான் நான் காலையில எந்திரிக்கிறதே. ஜெயக்கொடிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னா அவ மனசு கஷ்டப்படும். ஆக பிள்ளை விழுந்தாலும் பரவாயில்லை, நான் தூக்கணும், அப்படித்தானா. அப்படி இல்லை. அப்படி இல்லைன்னா வேற எப்படி. வெள்ளைன்னு சொல்லு, முடிஞ்சுபோகும். வெள்ளையிலயும் பிடிச்சதே. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும், தைலம்தான் வேலை செய்யுதே. ஒரே மூச்சுல வந்துருதாளே. அத்தான் ரூமுக்குள்ள எந்திரிச்சு நிக்காரு, சட்டைப்பையில கண்ணாடியை வைக்காரு.

முட்டியில ஏதோ இடிச்சது. சௌமியா. நாற்காலியை ஓட்டிக்கிட்டு சத்தமே இல்லாம வந்து நிக்கா. அக்கா அங்கயே அந்தச் சிவப்பு வண்டிக்காரங்ககிட்ட எந்த ஊருன்னு விசாரிச்சிக்கிட்டு நிக்கா. என் பக்கத்துல வந்தும் பிள்ளை என்னைப் பார்க்கலை, கறுப்பு வண்டியோட படியைத்தான் பார்த்தா. அம்மா வாராளான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டா.

"மாமா, அதுல தூக்கிருவீங்கல்ல?"

அதுக்கென்ன, தூக்கிருவேம்லான்னேன்.

"முன்னைக்கு இப்ப லேசாத்தான இருக்கேன்?"

லேசாத்தாம்மா இருக்கேன்னு சொல்ல வாயைத் திறந்தேன், சந்தோஷமாத்தான் திறந்தேன், மாமனுக்குத் தைலம் வேலை செய்யுதுல்லான்னு சொல்ல. லேசா. ஆறேழு மாசமா. ஒத்தை இட்லி. தட்டோரத்துல ஒதுக்கின தயிர்ச்சோறு. சாம்பார் வாளியைப் பார்த்துக்கிட்டு இருந்த முகம். அந்த முகம் எப்ப இப்படிச் சின்னதாப் போச்சு, தினமும் தூக்குற நான் எப்படிப் பார்க்காமப் போனேன். மணிக்கட்டைப் பார்த்தேன், அக்கா போட்டுவிட்ட வளையல் முழங்கை வரைக்கும் போய் வருது. என் முதுகுல ஒண்ணும் சரியாகலை. தைலமும் இல்லை, கை ராசியும் இல்லை. பிள்ளை பட்டினி கிடந்திருக்கா. என் கைக்கு லேசா வரணும்னு என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கா, நான் அதைத் தூக்கிக்கிட்டு என் பலம்னு நினைச்சு மீசையைத் தடவியிருக்கேன். யாரு சொன்னா உனக்குன்னு கேட்டேன், எனக்கே என் குரல் வேற ஆளு குரலா இருந்தது. ஜெயக்கொடி சொல்லிட்டாளோன்னு ஒரு நினைப்பு.

"யாரும் சொல்லலை மாமா. தூக்கும்போது என் காது உங்க நெஞ்சுலதான இருக்கு. நீங்க மூச்சை அடக்குறது எனக்குக் கேட்கும்."

ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. சொல்லிட்டு நாற்காலியைக் கறுப்பு வண்டிப் பக்கமாத் திருப்பி, தூக்குறதுக்குத் தோதா நிப்பாட்டி, பாவாடையை முழங்காலுக்குக் கீழ இழுத்து விட்டுக்கிட்டா. அத்தான் வந்துட்டாரு, கையில ஃபைல், பின்னால சேல்ஸ்காரர். அக்காவும் வந்துட்டா. என்ன மாப்ள, ஏத்திப் பார்த்துருவமான்னாரு. சேல்ஸ்காரர் கதவைத் திறந்தாரு, படி பளிச்சுன்னு இருந்தது. அத்தான் கண்ணு அதுக்குள்ள முன் டயருக்குப் போயிருச்சு. சௌமியா வழக்கம்போல ரெண்டு கையையும் என்னைப் பார்த்துத் தூக்கினா. சின்னதுல இருந்து அப்படித்தான் தூக்குவா, அந்தக் கையைப் பார்த்துட்டு நான் ஒரு நாளும் அசையாம நின்னதில்லை. இன்னைக்கு நின்னேன். எந்திரிச்சு சோபா முதுகைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அழுதுருவேனோன்னு பயமா இருந்தது.

"அத்தான், என் முதுகு போயிருச்சு. ஒரு வருஷமாச்சு. கறுப்பையே வாங்குங்க, அவரு சொன்ன இறங்கி வர்ற சீட்டைப் போடச் சொல்லுங்க. இப்ப ஏத்திப் பார்க்க, நீங்க தூக்குங்க."

அக்கா ஏலேன்னு ஆரம்பிச்சா, என்ன கேட்கதுன்னு தெரியாம நிப்பாட்டிட்டா. சேல்ஸ்காரர் நல்ல மனுஷன், கதவைப் பிடிச்சமானைக்கே வேற பக்கம் பார்த்தாரு. அத்தான் என்னைப் பார்த்தாரு, டயரைப் பார்த்தாரு, அப்புறம் மகளைப் பார்த்தாரு. அவ நீட்டின கை ரெண்டும் இன்னும் என் பக்கம்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா சௌமியா அவ அப்பா பக்கம் திருப்பினா. அந்தப் பெரியம்மை பேரை யாரும் எடுக்கலை. அத்தான் ஃபைலை அக்கா கையில கொடுத்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. பக்கத்துல போனாரு, குனிஞ்சாரு, கை ரெண்டும் அந்தரத்துல நின்னது. என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாரு.

"எப்படிப் பிடிக்கணும் மாப்ள?"

இடது கை முழங்காலுக்குக் கீழ அத்தான், வலது கை முதுகோட அணைச்சு அக்குளுக்குள்ள, அவ கை உங்க கழுத்தைச் சுத்தி வந்துரும், நீங்க இழுக்க வேண்டாம், நிமிருங்க போதும்னு சொன்னேன். ஏட்டி, அப்பா கழுத்தைப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். அது சொல்லாமலே பிடிச்சாச்சு. அவரு தூக்கினாரு. ஒரு காலைப் படியில வச்சாரு. அந்த ஒத்தைக் கால் நேரம் வந்தது, நான் பார்க்கலை. எனக்கு டயர்ல வேலை இருந்தது. மெதுவா, முதுகை வளைக்காம, முன் டயருக்குப் பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்தேன். புது ரப்பர் வாசம் அடிச்சது. மேல சீட்டு அமுங்குற சத்தம், அத்தானோட மூச்சு, அக்கா மூக்கை உறிஞ்சுறது எல்லாம் கேட்டுது. கதவுக் கண்ணாடி இறங்குச்சு.

"மாமா, உங்க உச்சியில சொட்டை விழுந்திருக்கு. இப்பத்தான் எனக்குத் தெரியுது."

ராத்திரி நாலு இட்லி சாப்பிடணும், நான் வந்து எண்ணுவேன்னு தலையைத் தூக்காமச் சொன்னேன். சரி மாமான்னா. டயரைத் தட்டிப் பார்த்தேன், காத்து சரியாத்தான் இருந்தது.